எந்த நாடு நல்லம்?

“அக்கா, எந்த நாடு நல்லம்?”

போன மாதம் எங்கள் நிலையத்துக்கு வந்த ஒரு தங்கை கதிரையில் அமரும் முன்பே கேட்ட கேள்வி இது. மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் ஆங்கில மொழிப் பாடசாலையில் படிப்பிக்கிறார். ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா, அதன் பிறகு திறந்த பல்கலைக்கழகப் பட்டம், ஆறு வருட அனுபவம். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். இவருடைய சம்பளம் 45,000 ரூபா. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சம்பளம் மாதத்தின் எத்தனையாம் திகதி வரை தாங்கும் என்பதை வாசகியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கையில் ஒரு கோப்பு. அதற்குள் டுபாய், சவூதி அரேபியா, மஸ்கட் ஆகிய மூன்று இடங்களிலிருந்து வந்த வேலைக் கடிதங்கள். நாலாவது, குவைத் வேலை ஒன்றைப் பற்றி ஊர் முகவர் ஒருவர் தொலைபேசியில் அனுப்பிய செய்தி. கூடவே தாயாரும் வந்திருந்தார். அந்த அம்மா 1996 முதல் நாலு வருடம் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். மகள் ஆங்கில ரியூசனுக்குப் போனது அந்தக் காசில்தான். அன்று அவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தங்கையின் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். இதே கேள்வியுடன் என்னிடம் வந்த முதல் ஆசிரியை இவர் அல்ல. இவரைப் போல் இன்னும் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கக்கூடும்.

முதலில் ஒரு கசப்பான விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். வளைகுடாவில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை என்று ஒன்று இல்லை. பல தட்டுகளாகப் பல வேலைகள் இருக்கின்றன. மேல்தட்டில் பல்கலைக்கழகங்களும், அரச பாடசாலைகளும், பெரிய பிரித்தானியப் பாடத்திட்டப் பாடசாலைகளும். அவற்றின் விளம்பரங்களில் ‘ஆங்கிலம் தாய்மொழியாக உடையோர்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பொருள் பிரித்தானியா, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு. படிப்பிக்கும் திறமையைப் பற்றிய வரி அல்ல அது. அடுத்த தட்டில் இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகள், மஸ்கட், தோஹா, ரியாத் போன்ற நகரங்களில் எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்காக நடக்கும் இலங்கைப் பாடசாலைகள், நடுத்தரத் தனியார் பாடசாலைகள். அதற்கும் கீழே மணித்தியாலக் கணக்கில் சம்பளம் தரும் மொழிப் பயிற்சி நிலையங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஆசிரியை என்ற பெயரில் வீட்டு வேலை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படிப்பிக்கும் இருவர், கடவுச்சீட்டின் நிறம் வேறு என்பதற்காக வெவ்வேறு சம்பளம் வாங்குவதை அங்கு போனவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் நான் சமூகவியல் படித்த காலத்தில் இதற்கெல்லாம் பெரிய பெரிய சொற்கள் எழுதினோம். அந்தத் தங்கை கோப்பைத் திறந்தபோது அந்தச் சொற்களால் ஒரு உதவியும் கிடைக்கவில்லை.

ஆகவே நாட்டை விட்டுவிட்டு, கடிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினோம்.

குவைத் செய்தி மிகவும் கவர்ச்சியாக இருந்தது. நல்ல குடும்பம், மூன்று பிள்ளைகள், ஆங்கிலம் பேசப் பழக்க வேண்டும், சாப்பாடு தங்குமிடம் இலவசம், மாதம் 200 டினார். ஒரு குவைத் டினார் மூன்று அமெரிக்க டொலருக்கும் மேல். ஆகவே 600 டொலருக்குக் கூட. நான் அதை வாசித்து முடிக்க, அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டார்: “விசா எத்தினையாம் நம்பர் எண்டு கேள் புள்ள.”

அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. குவைத்தின் வதிவிட அனுமதி உறுப்புரை இலக்கங்களால் அறியப்படுவது. 17 என்றால் அரசாங்க வேலை. 18 என்றால் தனியார் துறை. 20 என்றால் வீட்டுப் பணி. தனியார் பாடசாலை ஆசிரியைக்கு 18 வர வேண்டும். அவருக்கு 2010ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கத் தொழிற் சட்டம் பொருந்தும். 20இல் போகிறவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவருக்கென்று 2015இல் வேறொரு சட்டம் வந்தது, அது வேறு கதை. முகவரிடம் அங்கேயே தொலைபேசியில் கேட்டோம். “அது வீட்டு விசாதான், ஆனா வேலை ரீச்சர் வேலை” என்றார். அம்மா சிரித்தார். நாலு வருடம் அந்த நாட்டில் சமையலறையை விட்டு அதிகம் வெளியே வராதவருக்கு, பட்டதாரி மகளுக்கும் சமூக சேவை அலுவலருக்கும் தெரியாத இலக்கம் மனப்பாடமாக இருந்தது.

விசாவில் எழுதப்பட்ட தொழில்தான் அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் உங்கள் தொழில். முகவர் வாயால் சொல்வதை எந்தத் தொழில் நீதிமன்றமும் கேட்காது. ‘கவர்னஸ்’, ‘வீட்டு ஆசிரியை’, ‘பிள்ளை பராமரிப்பும் ஆங்கிலமும்’ என்று கடிதத்தில் வந்தால், நாடு எதுவானாலும், பாடசாலை வேலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போவதும் போகாததும் அவரவர் முடிவு. ஆனால் ஆசிரியையாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

டுபாய்க் கடிதம் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்திலிருந்து. 4,500 திர்ஹாம். தங்குமிடம் இல்லை. முதலில் விசிட் விசாவில் வர வேண்டும், வந்த பிறகு மாற்றித் தருவார்கள். இங்குள்ள முகவருக்கு மூன்றரை இலட்சம் ரூபா. தாலிக்கொடியை அடகு வைக்கக் கணவரும் ஒத்துக்கொண்டிருந்தார்.

ஐக்கிய அரபு இராச்சியத்தைப் பற்றி நல்லது நிறையச் சொல்லலாம். அங்கு வேலைக்கு எடுப்பதென்றால் தொழில் அமைச்சின் மாதிரிப் படிவத்தில் வேலைக் கடிதம் தந்து, நீங்கள் ஒப்பமிட்ட பிறகே அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். பின்னர் வரும் ஒப்பந்தம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆளெடுக்கும் செலவை முதலாளி ஊழியரிடம் அறவிடக் கூடாது. டுபாயில் தனியார் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்குக் கல்வி அதிகார சபையின் அனுமதி வேண்டும். இத்தனையும் சட்டத்தில் இருக்க, அந்தக் கடிதம் இதில் ஒன்றின் வழியாகவும் வரவில்லை. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கு குற்றம். சம்பளம் தராவிட்டால் முறையிடப் போகிறவரே முதலில் அகப்படுவார். எங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

வாடகை இன்னொரு விடயம். அந்தத் தங்கையின் சிநேகிதி ஒருவர் சார்ஜாவில் மூன்று பேருடன் ஒரு அறையைப் பங்குபோட்டு இருக்கிறார். அவர் சொன்ன கணக்கில் வாடகை, பயணம், சாப்பாடு எல்லாம் போக 4,500இல் பாதி மிஞ்சினால் பெரிய விடயம். அதோடு நிலையம் ஜூலை, ஓகஸ்டில் மூடியிருக்கும். அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று கடிதம் சொல்லவில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு சம்பளமா, பத்தா என்று எந்த நாட்டுக் கடிதத்திலும் பாருங்கள்.

சவூதிக் கடிதம் எனக்கு ஆச்சரியம் தந்தது. நான் அந்த நாட்டைப் பற்றி மனதில் வைத்திருந்த படம் பழையது. கல்லூரிகளுக்கு ஆங்கில ஆசிரியைகளை வழங்கும் ஒரு கம்பனி அனுப்பியது. 5,500 ரியால், மற்ற ஆசிரியைகளுடன் பகிர்ந்த வீடு, பெண்கள் பகுதியில் மட்டும் கற்பித்தல், போக்குவரத்து, வருடத்துக்கு ஒரு விமானச் சீட்டு, பன்னிரண்டு மாதச் சம்பளம். எல்லாம் எழுத்தில் இருந்தது. அங்கு 2018 ஜூனிலிருந்து பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து தனியார் துறை ஊழியர் ஒரு வருட சேவைக்குப் பின் சில நிபந்தனைகளுடன் முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறலாம். நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியையும் தாமே விண்ணப்பித்துப் பெறலாம். வீட்டுப் பணியாளர்களுக்கு இந்தச் சீர்திருத்தம் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் பேனையால் கோடு போட்டோம். ஒன்று, ‘கம்பனி விரும்பும் எந்த நகரத்துக்கும் அனுப்பலாம்’. ஜித்தா என்று நினைத்துப் போகிறவர் வடக்கில் ஒரு பாலைவன நகரத்தில் இருக்க நேரலாம். மற்றது, ‘தனிநபர் அந்தஸ்து’. குழந்தையைக் கூட்டிப்போக முடியாது என்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். குடும்பத்தை அழைக்க அனுமதி கிடைத்தாலும், 2017இல் மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய தங்கியிருப்போர் கட்டணம் 2020இல் ஒரு ஆளுக்கு மாதம் 400 ரியாலாக உயர்ந்தது.

மஸ்கட் கடிதம் ஒரு பாடசாலையிலிருந்து, நேரடியாக, முகவர் இல்லாமல் வந்தது. 350 ரியால், இன்னொரு ஆசிரியையுடன் பகிர்ந்த வீடு, இரண்டு வருட ஒப்பந்தம். “350 எண்டா மிச்சம் குறைவுதானே அக்கா?” என்றார் தங்கை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஓமான் ரியால் வேறு, சவூதி ரியால் வேறு, கட்டார் ரியால் வேறு. ஓமான் ரியால் ஒன்று 2.60 டொலர். சவூதியில் ஒரு டொலருக்கு 3.75 ரியால், கட்டாரில் 3.64, எமிரேட்ஸில் 3.67 திர்ஹாம். பஹ்ரேன் டினார் ஒன்று 2.65 டொலருக்குச் சற்று மேல். குவைத் தவிர்ந்த ஐந்து நாட்டு நாணயமும் டொலருடன் நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறாது. மாறுவது எங்கள் ரூபாதான். ஆகவே கடிதங்களை டொலரில் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் டுபாய் 1,225, சவூதி 1,465, மஸ்கட் 910. வாடகையையும் விடுமுறை மாதங்களையும் கழித்தபின் டுபாய்தான் கடைசிக்குப் போனது.

கட்டார், பஹ்ரேன் கடிதங்கள் இந்தக் கோப்பில் இல்லை. ஆனாலும் வெளியேறும் வழியைப் பற்றிச் சொல்லும்போது அவற்றையும் சேர்க்க வேண்டும். கட்டார் 2018இல் பெரும்பாலான ஊழியருக்கு வெளியேறும் அனுமதியை நீக்கியது. 2020இல் வேலை மாற முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும் என்ற விதியையும் எடுத்தது. ஓமான் அதே கடிதத்தை 2021 ஜனவரியில் நீக்கியது. ஒப்பந்தம் முடிந்தபின் மாறலாம். குவைத் எதிர்த் திசையில் போயிருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் நாட்டை விட்டுப் புறப்பட முதலாளி அங்கீகரித்த வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். தாய் இறந்தாலும் முதலில் அந்த அனுமதி.

எந்த நாட்டிலும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகக் கூடாது. ஓடிப்போனதாக முதலாளி ஒரு முறைப்பாடு போட்டால் உங்கள் விசாவே சட்டவிரோதமாகிவிடும். விலகுவதென்றால் எழுத்தில் முன்னறிவித்தல் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எமிரேட்ஸில் தகுதிகாண் காலத்தில் விலகி ஊருக்குத் திரும்ப 14 நாள் முன்னறிவித்தல் போதும். அங்கேயே வேறு வேலைக்குப் போவதென்றால் ஒரு மாதம்.

பெண்கள் கேட்க வெட்கப்படும் ஒன்று, மகப்பேற்று லீவு. ‘போக முதலே இதைக் கேட்டால் எடுக்க மாட்டார்கள்’ என்று பயம். முதலாளியிடம் கேட்கத் தேவையில்லை, சட்டத்தில் இருக்கிறது. ஓமானில் 2023இல் வந்த தொழிற் சட்டப்படி 98 நாட்கள். சவூதியில் 2025இல் பத்து வாரம் பன்னிரண்டு வாரமாகக் கூடியது. குவைத் 70 நாட்கள், எமிரேட்ஸ் 60 (அதில் கடைசி 15 நாளுக்குப் பாதிச் சம்பளம்), பஹ்ரேன் 60, கட்டார் ஒரு வருட சேவைக்குப் பிறகு 50. எங்கள் நாட்டில் 84. இரண்டாவது பிள்ளையைப் பற்றி யோசிக்கும் ஒருவருக்கு 50க்கும் 98க்கும் உள்ள வித்தியாசம் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சேவை முடிவில் வரும் பணமும் அப்படியே. எமிரேட்ஸில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாட் சம்பளம், கட்டாரில் மூன்று வாரம், குவைத்திலும் சவூதியிலும் பாதி மாதம். சவூதியில் நீங்களாக விலகினால், இரண்டு வருடம் முடியாவிட்டால் ஒன்றும் கிடையாது. ஓமானின் புதிய சட்டத்தில் வருடத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம். ‘அடிப்படை’ என்ற சொல்லில் கவனம் வையுங்கள். சம்பளம் 350 என்று எழுதி, அதில் 200ஐ அடிப்படை என்றும் மிச்சத்தைப் படி என்றும் பிரித்திருந்தால் கணக்கு 200இல்தான் நடக்கும்.

கோயிலுக்கு, தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி. மஸ்கட்டில் இந்துக் கோயில்களும் தேவாலயங்களும் உள்ளன. மனாமாவிலும் டுபாயிலும் அபுதாபியிலும் உண்டு. தோஹாவில் கிறிஸ்தவத் தேவாலயங்களுக்கென ஒதுக்கிய இடம் இருக்கிறது. சவூதியில் வேற்று மதத்தாருக்குப் பொது வழிபாட்டிடம் இல்லை. சிலருக்கு இது சிறிய விடயம், சிலருக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் இருக்க முடியாது. உங்களை நீங்கள்தான் அறிவீர்கள்.

அன்று அவர்கள் வீட்டுக்குப் போகும்போது நாங்கள் ஒரு முடிவும் எடுக்கவில்லை. ஏழு கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி மூன்று இடத்துக்கும் அனுப்பச் சொன்னேன். விசாவில் தொழில் என்னவென்று எழுதப்படும், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, விடுமுறை மாதச் சம்பளம் உண்டா, வீடு எங்கே, குழந்தைக்கு என்ன வசதி, திறந்த பல்கலைக்கழகப் பட்டத்தை அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஏற்குமா. கடைசிக் கேள்வி முக்கியம். எங்கள் திறந்த பல்கலைக்கழகம் அரசாங்கப் பல்கலைக்கழகம்தான். ஆனால் தொலைக்கல்விப் பட்டம் என்று கண்டால் தயங்கும் நாடுகள் வளைகுடாவில் இருக்கின்றன. பணம் செலவழித்த பிறகு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

கடவுச்சீட்டுக் கேள்வி அம்மாவினுடையது. அவருடையது நாலு வருடமும் வீட்டுக்காரரின் அலுமாரியில் இருந்ததாம். அது சட்டத்துக்கு விரோதம் என்று நான் சொன்னபோது, “அலுமாரித் திறப்பு அவரிட்டத்தானே பிள்ள இருந்தது” என்றார்.

பத்து நாளில் பதில்கள் வந்தன. டுபாய் நிலையம் பதில் போடவில்லை. இங்குள்ள முகவர் மட்டும், “இவ்வளவு கேள்வி கேக்கிற ஆக்கள் எங்களுக்குச் சரிவராது” என்றாராம். மூன்றரை இலட்சம் தப்பியது, தாலிக்கொடியும் தப்பியது. சவூதிக் கம்பனி ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதி, ஒப்பந்தத்தின் மாதிரியையும் அனுப்பியது. குழந்தைக்கு இடமில்லை என்பதை மறைக்கவில்லை. மஸ்கட் பாடசாலை மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்தபின் குழந்தையை அழைக்க உதவுவதாகவும், பாடசாலைக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகவும் எழுதியது. முதல் கடிதத்தில் இது இருக்கவில்லை. கேட்டபடியால் கிடைத்தது.

ஆகவே உண்மையான தெரிவு சவூதிக்கும் மஸ்கட்டுக்கும் இடையில் வந்து நின்றது. மாதத்துக்கு 555 டொலர் வித்தியாசம். இரண்டு வருடத்தில் 13,000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தால் நாற்பது இலட்சம். அவர்கள் வீட்டுக்கு இன்னும் கூரை ஓடு போடவில்லை, கடைக்கு எடுத்த கடன் இருக்கிறது. கணவர் சவூதி என்றார். இரண்டு வருடம்தானே, பிள்ளையை அம்மம்மா பார்ப்பா, திரும்பி வரும்போது வீடும் முடியும் கடனும் முடியும். அவர் சொன்னதில் தவறில்லை. பிள்ளை முக்கியம், காசு முக்கியமில்லை என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் இலகு. அதோடு, கணவர் கட்டாருக்குப் போவதாக இருந்தால் நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை வீட்டுப் பணிக்குப் போகும் தாய்மாருக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் ஊர் எல்லாத் தாய்மாருக்கும் ஒரு அறிக்கை எழுதி வைத்திருக்கிறது.

பிள்ளை இல்லாத ஒருவராக இருந்திருந்தால் நான் தயங்காமல் சவூதிக் கடிதத்தைக் காட்டியிருப்பேன். இதை அந்தத் தங்கையிடமும் சொன்னேன்.

இரண்டாம் முறை வந்தபோது அம்மாவும் வந்தார். மகள் என்னோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நான் போகேக்க இவளுக்கு ஆறு வயசு. வரேக்க பத்து. இடையில ஒரு பல்லு விழுந்ததும் எனக்குத் தெரியாது. வந்த அண்டைக்கு என்னை ‘நீங்க’ எண்டு கூப்பிட்டாள்.” தங்கை பேனையை வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த அறையில் நாற்பது இலட்சத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை. ஆனால் அந்த நாற்பது இலட்சம் இல்லாமல் போனதும் உண்மை. கூரைக்கு இன்னும் தகரம்தான்.

மஸ்கட்டுக்கு ஒப்பமிட்டுவிட்டார். இப்போது கடதாசி வேலை நடக்கிறது. பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்தி, பின்னர் கொழும்பிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். பத்தரமுல்லைக்குப் போக முடியாதவர்களுக்கு யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை, குருநாகல் ஆகிய இடங்களில் கொன்சியூலர் கிளைகள் உண்டு. திருமணச் சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் ஒரே தடவையில் மொழிபெயர்த்து அத்தாட்சிப்படுத்திவிடுங்கள். பிள்ளையை அழைக்கும்போது அவை தேவைப்படும். அங்கிருந்துகொண்டு இங்கு ஆள் அலைப்பது கஷ்டம். நேரடியாக வேலை கிடைத்தவர்களும் புறப்பட முதல் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். காப்புறுதி அதனுடன்தான் வருகிறது. முகவர் மூலம் போவதென்றால் அவருடைய உரிம இலக்கத்தைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ரசீது தராதவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அரச பாடசாலை ஆசிரியைகள் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். 2022 ஜூனில் அரச ஊழியர் வெளிநாட்டு வேலைக்காக ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு எடுக்க வழிசெய்யும் சுற்றறிக்கை வெளியானது. அதை நம்பி இப்போது விலக வேண்டாம். இன்றைய நிலை என்ன, உங்கள் தரத்துக்குப் பொருந்துமா என்பதை வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் பெற்ற பிறகே மற்றதெல்லாம்.

வேலைக் கடிதத்தை எனக்கு அனுப்ப விரும்பும் வாசகியர் பிரதியை மட்டும் அனுப்புங்கள். மூலப் பத்திரங்களைத் தபாலில் போட வேண்டாம். கடவுச்சீட்டு இலக்கத்தை மையால் மறைத்துவிடுங்கள். விசாவில் எழுதப்படும் தொழில் கடிதத்தில் இல்லையென்றால், எனக்கு எழுத முதல் அவர்களிடம் அதைக் கேளுங்கள்.